ஜனவரி மழையில் மண் சுமக்கப் போகலாமா? மலைப்பாதைப் பராமரிப்பு நாள்: ஒரு மதிப்புரை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சியாட்டில் பக்கம் குடியிருந்து, முழங்கால் ஓரளவு ஒத்துழைக்கும் நிலையில், குளிர்காலச் சனி ஞாயிறுகளை வீட்டுக்குள் அடைந்து கழிப்பவர்களுக்கு வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தும் மலைப்பாதைப் பராமரிப்பு நாளைவிட நல்ல சேவை இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. கட்டணம் கிடையாது. ஆனால் ஜூலையில் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில், அதுவும் மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

நாள் முழுக்க உழைப்பது நாம், இதற்குச் சேவை என்று பெயரா என்று கேட்கலாம். நான் இதை வாடிக்கையாளராகவே மதிப்பிடுகிறேன். என் விடுமுறை நாள் ஒன்றைக் கொடுக்கிறேன். பதிலுக்கு என்ன கைக்கு வருகிறது? கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். பற்று, வரவு பார்க்காமல் எதையும் பாராட்ட வராது.

சேறு அப்பிய கால்சட்டையை வீடியோ அழைப்பில் காட்டியபோது, அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா, “மண் சுமக்கவா உன்னை இவ்வளவு படிக்க வைத்தோம்?” என்றார். வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், “சித்தாளுக்காவது கூலி உண்டு” என்றார். அப்பா மட்டும், “என்ன மண் அம்மா, களியா, மணலா?” என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. வரவுப் பக்கத்தில் அதை முதலில் எழுதிக்கொண்டேன்.

சங்கத்தைப் பற்றி நாலு வரி. 1966-இல் லூயிஸ் மார்ஷல் என்ற பெண்மணி மலையேறிகளுக்காக நடத்தத் தொடங்கிய சிறு இதழிலிருந்து வளர்ந்தது இது. 1993-இல் கிரெக் பால் என்பவர், எழுதினால் மட்டும் பாதை செப்பமாகாது என்று, தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு காட்டுக்குள் இறங்கினார். நிலம் சங்கத்துக்குச் சொந்தமில்லை. சியாட்டிலுக்குக் கிழக்கே இசக்வா ஊரை ஒட்டிய கூகர் மலைப் பூங்கா கிங் கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகத்துடையது. பக்கத்திலிருக்கும் டைகர் மலையின் பெரும்பகுதி மாநில இயற்கை வளத் துறையிடம் இருக்கிறது. எங்கே பாலம், எங்கே படிக்கட்டு என்பதை நிலத்துக்குரிய துறை முடிவு செய்கிறது. ஆளும் கருவியும் பயிற்சியும் சங்கத்தின் பொறுப்பு.

இந்த இரண்டு மலைகளும் குளிர்காலத்தின் முக்கிய வேலைக்களங்கள். கேஸ்கேட் மலைத்தொடரின் உயரமான பாதைகள் பனிக்கடியில் போய்விடும். சில இடங்களில் ஜூலை வரைக்கும் தரை தெரியாது. கூகர் மலையின் உச்சியே 1,600 அடிதான். அங்கே பனி விழுந்தாலும் தங்காது. மழைதான், நசநசவென்று, அக்டோபரில் பிடித்தால் ஏப்ரல் வரை. நூறாண்டுக் காலம் நிலக்கரி வெட்டிய மலை அது. பழைய சுரங்கங்கள் உள்ளே இடிந்து மேல்மண் குழிவிழுந்த இடங்களுக்கு இன்றும் வேலி போட்டிருக்கிறார்கள்.

காலை எட்டரைக்குப் பாதை தொடங்கும் இடத்தில் கூட வேண்டும். ஜனவரியில் சூரியன் எழுவதே எட்டு மணி சுமாருக்குத்தான் என்பதால் பாதித் தூக்கத்தில் போய் நிற்போம். எல்லாருக்கும் பச்சை ஹெல்மெட். குழுத் தலைவருக்கு நீலம், அவருடைய உதவியாளர்களுக்கு ஆரஞ்சு. பச்சை ஹெல்மெட்காரர்களுக்கிடையில் வேறு எந்தத் தரவரிசையும் இல்லை. பக்கத்தில் நின்று வேர் வெட்டுபவர் பெரிய நிறுவனத்தில் இயக்குநராக இருக்கலாம், பள்ளிக்கூடத்துப் பையனாகவும் இருக்கலாம்; இருவருக்கும் ஒரே வாளிதான். ஐந்து நாள் வேலை செய்தவர்களுக்குப் பெயர் பொறித்த சொந்த ஹெல்மெட் கிடைக்கும். அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த கண்ணாடிப் பரிசுகள் எந்த அலமாரியில் கிடக்கின்றன என்று தெரியவில்லை. இந்த ஹெல்மெட் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

வேலை தொடங்குமுன் முன்னுரிமைகளைச் சொல்வார்கள்: முதலில் பாதுகாப்பு, இரண்டாவது மகிழ்ச்சி, மூன்றாவதுதான் வேலை. பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். நான் பார்த்தவரை அதே வரிசையில்தான் நடத்துகிறார்கள். ஒருவர் கருவியை ஓங்கும்போது அடுத்தவர் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். கடந்து போக வேண்டுமென்றால் குரல் கொடுத்து, அவர் கருவியைத் தரையில் வைத்த பிறகே போகலாம். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கையில், உடலோடு ஒட்டி, தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். கால் வழுக்கினால் கருவியைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு நாம் மேட்டுப் பக்கம் சாய்ந்துகொள்ளலாம். ஈர இலைகள் படிந்த குளிர்காலச் சரிவில் இந்த விதியின் அருமை தெரியும்.

கருவிகளுக்குத் தனியாக மதிப்பெண் கொடுக்கலாம். புலாஸ்கி என்பது ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொத்து. 1910-இல் ஐடஹோவில் எரிந்த பெருந்தீயின்போது தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் அடைத்துக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயரில் வழங்குவது. வேரையும் மண்ணையும் ஒரே கருவியால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் என் உயரத்துக்கு அது கனம். முதல் மணி நேரத்திலேயே தோள் முறையிடும். மெக்லவுட் என்ற இன்னொன்று, ஒரு புறம் அகலமான தகடு, மறுபுறம் பற்கள். வாரவும் சமன் செய்யவும் மட்டுமின்றித் தகட்டால் தட்டி மண்ணை இறுக்கவும் ஆகும். எனக்கு மிகப் பிடித்தது கிரப் ஹோ. பெயரை விட்டுவிடுங்கள், அது நம் மண்வெட்டியேதான், கொஞ்சம் நீண்ட காம்போடு. கடப்பாரையும் உண்டு, ஆளுயரக் கடப்பாரை. கல் புரட்டும் குழுவில் சேர்ந்தால் அதை நம்பித்தான் பிழைப்பு.

இனி இந்த நாளின் சாரத்துக்கு வருகிறேன். சங்கம் கற்றுத்தருவது மண்வெட்டுதல் என்று நினைத்தால் தவறு. தண்ணீரைப் பார்க்கக் கற்றுத்தருகிறார்கள். அதனால்தான் மழைநாளில் போகச் சொல்கிறேன். கோடையில் அதே பாதையில் நின்றால், இங்கே பள்ளம், அங்கே மேடு என்று தலைவர் விளக்க, நாம் தலையாட்ட வேண்டும். ஜனவரியில் விளக்கம் தேவைப்படாது. தண்ணீர் நம் பூட்ஸைச் சுற்றி ஓடிக்காட்டும்.

மலைச்சரிவில் வெட்டிய பாதை பள்ளத்துப் பக்கம் இலேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். மேலிருந்து வரும் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து, மெல்லிய படலமாகக் கீழே இறங்கிப் போய்விடும். பிறகு ஆயிரக்கணக்கான பூட்ஸ்கள் நடுப்பகுதியை அமுக்குகின்றன. பள்ளத்து விளிம்பில் மண் ஒதுங்கி ஒரு வரப்பு எழும்புகிறது. அவ்வளவுதான், தண்ணீருக்கு வழி அடைபட்டது. கடக்க முடியாத நீர் பாதையோடு நீளமாக ஓடத் தொடங்குகிறது, ஓட ஓட வேகம் கூடுகிறது, வேகம் கூடக்கூட மண்ணை அரிக்கிறது. இரண்டே மழைக்காலத்தில் பாதை ஓடையாகிவிடும். சமதளத்தில் என்றால் தேங்கிக் குட்டையாகும். குட்டையைப் பார்த்ததும் நடப்பவர்கள் பூட்ஸ் நனையக் கூடாதென்று ஓரமாகச் சுற்றிப் போவார்கள். அந்த ஓரமும் சேறாகும். அடுத்தவர் இன்னும் தள்ளிப் போவார். இரண்டடிப் பாதை பத்தடிச் சேற்று வயலாவது இப்படித்தான். ஆகவே நடக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: குட்டை இருந்தால் அதற்குள்ளேயே இறங்கி நடங்கள். நீர்புகாத பூட்ஸ் என்று இருநூறு டாலர் கொடுத்தது எதற்கு?

மருந்து எளிது. அந்த வரப்பை வெட்டி எடுத்துவிட வேண்டும். சில இடங்களில் பாதையின் குறுக்கே அகலமான, ஆழமில்லாத ஒரு தாழ்வை உண்டாக்கி, அதிலிருந்து பள்ளத்துப் பக்கம் வடிகால் வெட்ட வேண்டும். தாழ்வின் வாய் விசிறி விரித்தாற்போல் அகன்றிருக்க வேண்டும். குறுகினால் இலை அடைத்துக்கொள்ளும். வெட்டிய மண்ணை ஓரத்தில் குவிக்கக் கூடாது, சரிவில் தூர வீசி எறிய வேண்டும்; இல்லாவிட்டால் நாமே புது வரப்பு போட்டவர்களாவோம். கடைசிக் கொத்து விழுந்ததும், அதுவரை கணுக்கால் அளவு நின்ற கலங்கல் நீர் சலசலவென்று இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் பச்சை ஹெல்மெட்களின் முகங்களைப் பார்க்க வேண்டும். அறுபது வயதுக்காரர்கள் கைதட்டுகிறார்கள்.

எனக்கு இதில் ஒரு தலைகீழ்ப் பாடம் கிடைத்தது. எங்கள் ஊரில் வாய்க்காலில் போகிற தண்ணீரை வயலுக்குள் வரவழைப்பதுதான் கலை. மடை திறக்கிற நீர்பாய்ச்சி கையில் மண்வெட்டியோடு வரப்பில் நடப்பார். எங்கே வெட்டினால் எந்த வயலுக்கு எவ்வளவு போகும் என்று அவர் காலுக்குத் தெரியும். இங்கே அதே கண்ணை வைத்துக்கொண்டு தண்ணீரை வெளியே அனுப்ப வேண்டும். அப்பாவிடம் வடிகாலின் படத்தைக் காட்டியபோது, “வாய் இன்னும் கொஞ்சம் தாழ வேண்டும்” என்றார். மறுமுறை போனபோது உதவித் தலைவரும் அதே வடிகாலைப் பார்த்து அதையே சொன்னார். ஊரார் கூடி ஏரி, கால்வாய்களைத் தூர் வாரும் குடிமராமத்து நம்மிடம் இருந்ததுதான்; 2017-இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டமும் தொடங்கியது. அதை இங்கே பழம்பெருமையாக இழுக்க விரும்பவில்லை. குடிமராமத்தில் தண்ணீர் வராவிட்டால் என் வயல் காயும். இங்கே வாளி தூக்குபவருக்குச் சொந்த வயல் என்று எதுவும் இல்லை. அப்படியும் வருகிறார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பு.

குளிர்காலத்து வேலைகளில் மிகச் சுவையானது சேற்றுக்கு மேலே பாதையை உயர்த்துவது. இதில் இரண்டு வகை. டர்ன்பைக் என்பது ஒன்று. சேற்றுப் பகுதியின் இரு ஓரமும் நீளமான மரங்களைக் கிடத்தி, நடுவே ஒரு வடிகட்டித் துணியை விரித்து, அதன் மேல் கல், கல்லுக்கு மேல் சரளை. துணி இல்லையென்றால் கல் முழுவதையும் சேறு விழுங்கிவிடும். ஓரத்து மரங்களுக்குப் பட்டை உரிக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் ஈரம் தங்கினால் சீக்கிரம் உளுத்துப்போகும். சரளையும் உடைத்த ஜல்லியாக, தூளோடு கலந்ததாக இருக்க வேண்டும். முனை முனையாக இருப்பது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். ஆற்றுக் கூழாங்கல்லோ காலுக்கடியில் உருளும். நடுப்பகுதியை மேடாக விட்டு, இரு பக்கமும் வடிகால் வெட்டினால் வேலை முடிந்தது.

சொல்வதற்கு இரண்டு நிமிடம். செய்வதற்கு நாள்கணக்காகும். காரணம், சரளை சுமப்பது. லாரி கொட்டிவிட்டுப் போகிற இடத்திலிருந்து வேலை நடக்கிற இடம் வரை வாளியிலும் கைவண்டியிலும்தான் போக வேண்டும். முழு வாளி முப்பது கிலோவைத் தொடும். பாதி நிரப்பு, இரண்டு கைக்கும் இரண்டாக எடு, நிமிர்ந்து நட என்பது கட்டளை. முழு வாளி தூக்கிக் காட்டும் இளைஞர்கள் பத்தரை மணிக்கே ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். அரை வாளியோடு நிதானமாக நடக்கும் எழுபது வயது அம்மாக்கள் மூன்று மணி வரை நிற்காமல் நடப்பார்கள். சுமை வேலை அலுப்பூட்டுவது, அதில் சந்தேகமில்லை. பத்தாவது நடைக்கு மேல் பேச்சு வற்றிவிடும். என்ன வேலை என்று பதிவு செய்யும்போதே போட்டிருப்பார்கள். கட்டுமானத்தில் ஆசை உள்ளவர்கள் அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மற்றொன்று பஞ்சன் எனப்படும் தாழ்வான மரநடை. தரையில் குறுக்காகத் தாங்குகட்டைகள், அவற்றின் மேல் நீளவாக்கில் உத்தரங்கள், உத்தரத்தின் மேல் பலகைகள். சிவப்பு சீடர் மரம் இதற்கு உகந்தது. ஈரத்தில் கிடந்தாலும் எளிதில் மக்காது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும், உத்தரம் மண்ணைத் தொடக் கூடாது, தாங்குகட்டை மட்டம் பிசகக் கூடாது. பழைய மரநடையைப் பிரிக்கும் வேலைதான் எனக்குச் சிறந்த பாடம். மேலே பார்க்க உறுதியாக இருந்த பலகையைக் கடப்பாரையால் நெம்பினால், மண்ணைத் தொட்ட பக்கம் முழுக்கக் கைக்குள் பிசைகிற பதத்தில் வந்தது. தொடாத பக்கத்தில் ஆணி இன்னும் பிடிவாதமாக நின்றது. ஒரே பலகை, இரண்டு முடிவு. இதற்குப் பிறகு வீட்டுக் கொல்லைப்புறத் தளத்தின் தூண்களைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரரிடம் பேசினேன்.

பாசி படிந்த பலகை மழையில் மிக மோசமாக வழுக்கும். அதனால் கூரைக்குப் போடும் சொரசொரப்பான ஓட்டுத்தாளை வெட்டி ஆணியடிப்பார்கள், அல்லது கம்பி வலை. அழகில்லை என்று ஒரு கட்சி உண்டு. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அந்தப் பலகையில் நடக்கும் ஒரு தாயைப் பார்த்தவர்கள் அந்தக் கட்சியில் சேர மாட்டார்கள்.

கல்படி வேலையைப் பற்றி நீட்ட வேண்டும், ஆனால் என் அனுபவம் அதில் குறைவு. ஒன்று மட்டும்: வெளியே தெரிவதைவிட மண்ணுக்குள் புதைந்திருக்கும் கல்தான் அதிகம். வைத்த கல்லின் மேல் ஏறி நின்று குதித்து, ஆட்டிப் பார்ப்பார்கள். இம்மி அசைந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. காலையில் தொடங்கிய ஒரே படி சாப்பாட்டு நேரத்துக்கும் முடியாமல் இருப்பது இயல்பு.

மண் விஷயத்திலும் கறார். காட்டின் மேல்மண் கறுப்பாக, பொலபொலவென்று, செடி வளர்ப்பவர்களுக்கு வாயூறும் விதத்தில் இருக்கும். பாதைக்கு அது ஆகாது. மக்கிய இலை தண்ணீரைக் குடித்துச் சேறாகும். அதை வழித்தெடுத்துவிட்டு அடியில் இருக்கும் பழுப்பு மண்ணைத்தான் போட வேண்டும். அந்த மண்ணைப் பாதையிலிருந்து தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழி தோண்டி எடுத்து, வேலை முடிந்ததும் குழியைக் கிளையும் இலையும் போட்டு மூடி, மேலே ஒரு பெரணிச் செடியையும் நட்டுவிட்டு வருகிறார்கள். குளிர்காலத்தில் பிடுங்கி நட்டால் பெரணி சாவதில்லை, மழையே ஊற்றிக்கொள்ளும். குறுக்குவழி போட்டுப் பாதையைக் கெடுத்த தடங்களையும் இப்படியே செடியும் கட்டையும் வைத்து மறைக்கிறார்கள். வேலை நடந்த சுவடே தெரியக் கூடாது என்பது இவர்கள் கொள்கை. படம் எடுத்துப் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குளிர்காலத்துக்கு இன்னும் சில வசதிகள். மண் நெகிழ்ந்திருப்பதால் வெட்டுவது எளிது. ஆகஸ்டில் அதே இடம் காய்ந்து இறுகிக் கொத்தைத் திருப்பி அனுப்பும். மண்குளவிக் கூடுகள் அடங்கிக் கிடக்கும். செந்தட்டி இருக்காது. கொசு இல்லை. புழுதி இல்லை. எதிரே நடப்பவர்களும் குறைவு என்பதால் நிமிடத்துக்கு ஒரு முறை கருவியை இறக்கி வழிவிட வேண்டியதில்லை. வருகிற ஒருவர் இருவரும் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். கொட்டும் மழையில் நன்றி சொல்பவர் மெய்யாகவே சொல்கிறார்.

புயலும் குளிர்காலத்துச் சரக்குதான். 2024 நவம்பர் 19 இரவு அடித்த காற்றில் வாஷிங்டன் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்த ஊர்கள் முழுக்க மரங்கள் சாய்ந்தன. பல வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பாதைகளின் மேல் டக்ளஸ் ஃபிர் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. பெரிய மரத்தை அறுப்பது உரிய சான்றிதழ் பெற்றவர்களின் வேலை, நம்மை அருகில் விடமாட்டார்கள். அறுத்த பிறகு கிளைகளை இழுத்துப் போடுவது, வேரோடு பெயர்ந்த குழியை நிரப்பிப் பாதையை மறுபடி வெட்டுவது நமக்கு. ஆறடி விட்டமுள்ள வேர்த்தட்டு நிமிர்ந்து நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், இவ்வளவு பெரிய மரம் இவ்வளவு மேலோட்டமான வேரிலா நின்றது என்று திகைப்பாக இருக்கும்.

உடையும் உணவும் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம், ஆகவே இதைச் சற்று விரிவாக. ஹெல்மெட், கையுறை, கருவி மூன்றும் அங்கே தருவார்கள். நீளக் கால்சட்டை, உறுதியான பூட்ஸ், மழைச்சட்டை, மதிய உணவு, தண்ணீர் நம்முடையது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. விலையுயர்ந்த மழைச்சட்டை ஒன்றை, பெயர் வேண்டாம், “மூச்சுவிடும் துணி” என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினேன். நடப்பதற்கு அது போதும். மண்வெட்டியை ஓங்கி வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளே வியர்வையும் வெளியே மழையும் சேர்ந்து சட்டை பிழிகிற பதத்துக்கு வந்துவிட்டது. அனுபவசாலிகள் கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மலிவான ரப்பர் மழைக்கோட்டைத் தோளில் மாட்டி, முன்பக்கத்தைத் திறந்துவிட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். நானும் அதற்கே மாறிவிட்டேன். கம்பளி உள்சட்டை ஒன்று, பையில் காய்ந்த மாற்றுச்சட்டை ஒன்று, கூடுதலாக இன்னொரு ஜோடிக் கையுறை. மதியத்துக்கு மேல் ஈரக் கையுறையை மாட்டுவதைப் போன்ற தண்டனை கிடையாது.

சாப்பாட்டில் தயிர்சாதம் தோற்றது. ஐந்து டிகிரிக் குளிரில் அது விறைத்துக் கட்டியாகி, தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது. புளியோதரை ஆறினாலும் சுவை கெடுவதில்லை. மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லியை ஈரக் கையோடும் சாப்பிடலாம். ஆனால் வெற்றி ரசத்துக்கே. நல்ல மிளகு ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க ஃபிளாஸ்கில் ஊற்றி எடுத்துப் போங்கள். மரத்தடியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தால் பத்துப் பேர் தலை திரும்பும். ஒரு நீல ஹெல்மெட்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர், ஒரு மூடி குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டே செய்முறை கேட்டார். இடையிடையே அவர்கள் பங்குக்கு மிட்டாய், சாக்லேட் பையைச் சுற்றுக்கு விடுவார்கள். மறுக்காதீர்கள், பதினோரு மணிக்கு உடம்பு அதைத்தான் கேட்கும்.

பற்றுப் பக்கத்தையும் எழுத வேண்டும். கார் இல்லாமல் போவது கடினம். பாதைகளுக்குப் போகும் கவுண்டியின் டிரெயில்ஹெட் டைரக்ட் பஸ் நடைக்காலத்தில் மட்டும்தான் ஓடும். ஜனவரியில் யாரிடமாவது இடம் கேட்டுத்தான் போக வேண்டும். மலைக்குப் போகிறோமே, காட்சி கிடைக்குமே என்று எண்ணாதீர்கள். நாள் முழுக்க முப்பதடி நீளச் சேறும் மூடுபனியும்தான் காட்சி. தொடங்கியதை முடிக்கும் திருப்தியும் பெரும்பாலும் கிடையாது. நாம் கிடத்திய மரத்துக்கு அடுத்த வாரம் வேறு யாரோ சரளை போடுவார்கள். மறுநாள் படிக்கட்டில் இறங்கும்போது தொடைகள் கணக்குக் கேட்கும். முதுகுத் தொந்தரவு இருப்பவர்கள் தாராளமாகச் சொல்லிவிடலாம். கிளை வெட்டுவது, வடிகாலில் இலை வாருவது என்று இலேசான வேலை எப்போதும் இருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் துணையோடு அழைத்து வரலாம். என் அண்ணன் மகள் ஒரு நாள் வந்தாள்; நாள் முழுக்கச் சேற்றில் நிற்க அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் கைபேசியை மறந்திருந்தாள்.

பாஸுக்காகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு நாள் வேலைக்கு, தேசிய வனங்களில் வண்டி நிறுத்தும் ஆண்டுப் பாஸ் தருகிறார்கள். நான் போகத் தொடங்கியபோது அதன் விலை 30 டாலர். பதின்மூன்று மணி நேர உழைப்புக்கு 30 டாலர் என்று வகுத்துப் பார்த்தால் வீட்டுக்காரர் சொன்ன சித்தாள் கூலி எவ்வளவோ மேல். அந்தப் பாஸ் மாநில நிலமான டைகர் மலையில் செல்லவும் செல்லாது, அதற்கு வேறு பாஸ். கூகர் மலையில் பாஸே வேண்டாம்.

கோடைச் சனிக்கிழமையில் டைகர் மலையில் இருக்கும் பூ பூ பாயின்ட் என்ற இடத்துக்கு ஏறிப் பாருங்கள். தமிழும் தெலுங்கும் இந்தியும் வழியெல்லாம் காதில் விழும். ஜனவரியில் வாளி தூக்கும் வரிசையில் நம் முகங்கள் மிகக் குறைவு. இதைக் குற்றச்சாட்டாகவே எழுதுகிறேன். குளிர் என்பது சாக்கு. சரளை சுமக்கத் தொடங்கிய கால் மணி நேரத்தில் மேல்சட்டையைக் கழற்றாதவர்களை நான் பார்த்ததில்லை.

பதிவு இணையத்தில்தான். சனி ஞாயிறு இடங்கள் சீக்கிரம் நிரம்பும், வாரநாட்களில் எளிதாகக் கிடைக்கும். அலுவலகத்தில் தன்னார்வப் பணிக்கு விடுப்பு தருகிறார்கள் என்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மார்ச் கடைசிக்குள் செந்தட்டி தலைகாட்டத் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு மழைநாளாகப் பார்த்துப் பெயரைக் கொடுங்கள்; ஃபிளாஸ்க் பெரியதாக இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவர் கட்டாயம் கேட்பார்.